கொக்சிங்கா இன்னும் பத்தாண்டு வாழ்ந்திருந்தால்: சீன மாற்று வரலாறு எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

சீன மாற்று வரலாறு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பதினைந்தாம் நூற்றாண்டுக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹேயின் கப்பல்களில்தான் ஏறுகிறார்கள். நானும் ஏறினேன். மிங் பேரரசின் கப்பல்படை ஆப்பிரிக்காவோடு நிற்காமல் தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு லிஸ்பனுக்கே போய்விட்டதாக நாற்பது பக்கம் எழுதி, நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இத்தனை பேருக்கும் சோறு எங்கேயிருந்துய்யா வந்தது?" நாற்பது பக்கமும் குப்பைக்குப் போயிற்று. அந்தக் கேள்வி மட்டும் தங்கிவிட்டது. கீழே வரும் படிகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

படி 1: திருப்புமுனையைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் உரசிப் பாருங்கள்

மாற்று வரலாற்றுக்கு ஒரு திருப்புமுனை வேண்டும். நடந்தது ஒன்று நடக்காமல் போக வேண்டும், அல்லது நடக்காதது நடக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக ஒன்றைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். நான் இரண்டு கேள்விகளால் உரசிப் பார்ப்பேன். இந்த ஒன்றை மாற்றினால் போதுமா, இல்லை கூடவே நாலைந்தை மாற்ற வேண்டியிருக்கிறதா? இந்த ஆளை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு வருகிறவர் அதையேதான் செய்வாரா?

ஜெங் ஹே முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறார். 1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள். முதல் பயணத்தில் மட்டும் ஏறத்தாழ 27,800 பேர். பிரமிப்பாகத்தான் இருக்கிறது. இலங்கையின் காலி நகரில் அவர் நிறுத்திய 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டைக் கொழும்பு அருங்காட்சியகத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது, தமிழ்ப் பகுதி தேனாவரை நாயினார் என்ற இந்துக் கடவுளுக்கு, பாரசீகப் பகுதி அல்லாவின் பெயரில். மூன்று ஊர்க் கடவுளுக்கும் மூன்று மொழியில் மரியாதை செய்துவிட்டு, அடுத்த ஓரிரு ஆண்டிலேயே இலங்கையின் ஆட்சியாளர் ஒருவரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது அதே படைதான். கதை எழுதுகிறவனுக்கு இதைவிடத் தீனி வேண்டாம்.

ஆனால் பயணங்கள் ஏன் நின்றன என்று பாருங்கள். பெருங்கால்வாய் சீரமைக்கப்பட்டதால் 1415க்குப் பிறகு வடக்குக்கான தானியம் கடல்வழியை விட்டுக் கால்வாய் வழியாகப் போகத் தொடங்கியது. கடலோடிகளுக்கும் கப்பல் கட்டும் துறைகளுக்கும் இருந்த அன்றாடத் தேவை குறைந்தது. 1421இல் தலைநகர் பெய்ஜிங்குக்கு மாறியது, அதாவது மங்கோலிய எல்லையின் வாசலுக்கு. 1449இல் துமு என்ற இடத்தில் பேரரசரையே ஓய்ராத்துகள் என்ற மங்கோலியர் சிறைபிடித்தார்கள். பணமும் கவலையும் வடக்கே போய்விட்டன. "ஒரு பேரரசர் மனம் மாறியிருந்தால்" என்று எழுதினால் கால்வாயையும் தலைநகரையும் எல்லையையும் சேர்த்து மாற்ற வேண்டும். அது வேறு கிரகத்தின் கதை.

இரண்டாவது கேள்வியில் விழுகிற ஒன்று 1840. அபினிப் போர் தொடர்பாக ஏப்ரல் மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அரசைக் கண்டிக்கும் தீர்மானம் 262க்கு 271 என்ற கணக்கில் தோற்றது. ஒன்பதே வாக்கு! ஐந்து பேர் மனம் மாறியிருந்தால் ஹாங்காங் இல்லை, நான்ஜிங் உடன்படிக்கை இல்லை என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். அந்த அரசு மறு ஆண்டே வேறு காரணங்களால் விழுந்தது. கண்டனத் தீர்மானத்தை ஆதரித்த கட்சியின் ராபர்ட் பீல் பிரதமரானார். போரை நிறுத்தினாரா? 1842 ஆகஸ்டில் நான்ஜிங்கில் கையெழுத்தாகும்வரை நடத்தியது அவருடைய அரசுதான். ஆள் மாறினாலும் வேலை மாறவில்லை.

ஆட்சியைப் புதுப்பிக்க முயன்ற 1898இன் நூறு நாள் சீர்திருத்தம் நல்ல களம்தான். ஆனால் அங்கே குவாங்சு பேரரசரின் கையில் படை இல்லை. அதை முதலில் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

இரண்டு கேள்வியிலும் தேறுகிற ஒன்றை இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்கொள்கிறேன். 1662 ஜூன் மாதம், தைவானில், 37 வயதில் நோயில் இறந்துபோன ஒரு மனிதர்: கொக்சிங்கா என்ற ஜெங் செங்கோங்.

படி 2: நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

கற்பனையைத் தொடுவதற்கு முன் நடந்ததை ஒரே பக்கத்தில் அடக்கி எழுதிவிடுங்கள். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை என்றால் உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். என்னுடைய பக்கம் இப்படி:

ஜெங் செங்கோங் 1624இல் ஜப்பானின் ஹிராடோவில் பிறந்தவர். தாய் ஜப்பானியர். தந்தை ஜெங் ஜிலோங் கடற்கொள்ளையராக இருந்து மிங் தளபதியானவர், 1633இல் டச்சுக் கப்பல்களை லியாவோலுவோ விரிகுடாவில் முறியடித்தவர். 1644இல் பெய்ஜிங் வீழ்ந்து மஞ்சுக்களின் சிங் ஆட்சி வந்தது. தெற்கே தப்பிய மிங் இளவரசர் ஒருவர் இந்த இளைஞனுக்குப் பேரரசக் குலப்பெயரை வழங்கினார். "குலப்பெயர் பெற்ற ஐயா" என்ற பொருள் வரும் குவோசிங்யே என்ற விளிதான் ஐரோப்பியர் வாயில் கொக்சிங்கா ஆயிற்று. தந்தை சிங் பக்கம் போனார், மகன் போகவில்லை. 1659இல் நான்ஜிங்கை முற்றுகையிட்டுத் தோற்றார். 1661இல் சுமார் 25,000 பேருடன் தைவானில் இறங்கினார். ஒன்பது மாத முற்றுகைக்குப் பின் 1662 பிப்ரவரி 1இல் டச்சுக்காரர்களின் சீலாந்தியா கோட்டை பணிந்தது. உடனே விட்டோரியோ ரிச்சியோ என்ற டொமினிகன் பாதிரியார் கையில் ஒரு கடிதம் கொடுத்து மணிலாவுக்கு அனுப்பினார்: திறை செலுத்து, இல்லையேல் படை வரும். மணிலாவில் ஸ்பானியர்கள் நடுங்கிப்போய், சம்போவங்காவிலும் மலுக்குத் தீவுகளிலும் இருந்த காவல்படைகளைத் திரும்ப அழைத்தார்கள். நகரத்துச் சீனர்களைக் கொன்றார்கள். படை வரவில்லை. கொக்சிங்கா இறந்துவிட்டார். மகன் ஜெங் ஜிங் மறு ஆண்டு அதே பாதிரியாரைச் சமாதானத் தூதாக அனுப்பினார்.

கடைசி வரியைக் கவனியுங்கள். தந்தை மிரட்டல் அனுப்பிய இடத்துக்கு மகன் சமாதானம் அனுப்புகிறார். ஆள் மாறியதும் வேலையும் மாறியது. இதுதான் நமக்கு வேண்டிய திருப்புமுனை.

படி 3: ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதன் பக்கத்தில் கிடப்பதையும் பாருங்கள்

மாற்றம்: அவர் நோயிலிருந்து எழுந்துவிடுகிறார். அவ்வளவுதான். புதிய பீரங்கி கூடாது, இரகசிய வரைபடம் கூடாது, எதிர்காலத்தைக் கண்ட சோதிடர் கூடாது.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. இறப்பதற்குச் சற்று முன் கொக்சிங்கா தன் மகனையே கொல்ல உத்தரவிட்டிருந்தார். ஜெங் ஜிங் தன் தம்பியின் செவிலித்தாயோடு உறவு வைத்துக் குழந்தையும் பெற்றதுதான் காரணம். மகன், குழந்தை, மகனைச் சரியாக வளர்க்காத தன் மனைவி, எல்லோர் தலையும் வேண்டும் என்று சீனக் கரையில் தன் தளமாக இருந்த ஷியாமென்னுக்கு ஆள் அனுப்பினார். அங்கிருந்த தளபதிகள் மறுத்துவிட்டார்கள். கப்பல்களும் அரிசியும் அவர்கள் கையில்.

ஆக, அவர் பிழைத்து எழுந்தால் கண் விழிப்பது வெற்றியில் அல்ல, வீட்டுச் சண்டையில். மணிலாவுக்குப் போகும் முன் ஷியாமென்னோடு சமாதானமாக வேண்டும். இதைத் தாண்டிக் குதித்து நேரே மணிலாவில் கொடியேற்றுகிற கதையை என்னால் மேலே படிக்க முடிவதில்லை. என் வரைவில் அந்தக் குழந்தையின் பாட்டிதான் நடுவே நின்று பேசி முடிக்கிறாள். உங்கள் வரைவில் வேறு யாராவது இருக்கட்டும். ஆனால் யாராவது பேசியாக வேண்டும்.

படி 4: காற்றைக் கேளுங்கள்

நீராவிக்கு முந்தைய கடல் கதையில் நாள்காட்டியை எழுதுவது காற்று. ஃபூஜியன் மரக்கலங்கள் வடகிழக்குப் பருவக்காற்றில் ஆண்டுத் தொடக்கத்தில் மணிலாவுக்கு இறங்கும். தென்மேற்குக் காற்று பிடித்ததும் வீடு திரும்பும். மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து வரும் ஸ்பானிய வெள்ளிக் கப்பல் ஆண்டின் நடுவில் வந்து சேரும். சரக்கேற்றிக்கொண்டு ஜூலைவாக்கில் திரும்பக் கிளம்பும்.

கொக்சிங்கா ஜூனில் எழுந்து உட்கார்ந்தால் உடனே தெற்கே பாய் விரிக்க முடியாது. காற்று எதிரே. சூறாவளிக் காலம் வேறு. 1662 முடிவிலோ 1663 தொடக்கத்திலோதான் படை கிளம்பும். இந்த ஆறேழு மாதத்தில் மணிலா என்ன செய்யும்? படி 2இல் பார்த்தோமே, காவல்படைகளைத் திரும்ப அழைத்தார்கள். அவர்களும் வந்து சேர்ந்திருப்பார்கள். காற்று ஒரு பக்கம் தாமதப்படுத்தும், மறு பக்கம் எதிரிக்கு நேரம் கொடுக்கும். கதைக்குத் தேவையான இழுபறி தானாக வந்துவிடும், நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

படி 5: உண்மையில் நடந்த ஒன்றை அளவுகோலாக வையுங்கள்

கொக்சிங்காவால் மணிலாவைப் பிடித்திருக்க முடியுமா? ஊகத்தில் பதில் சொல்லாதீர்கள். அந்த ஊரை யார் யார் தாக்கினார்கள் என்று தேடுங்கள். 1574இல் லிமாஹோங் என்ற சீனக் கடற்கொள்ளையர் தாக்கித் தோற்றார். அப்போது கல்மதில் எழும்பியிருக்கவில்லை. 1762இல், அதாவது நம் கதைக்குச் சரியாக நூறாண்டு கழித்து, பிரிட்டிஷ் படை இரண்டு வாரத்துக்குள் மணிலாவைப் பிடித்தது. அந்தப் படை கிளம்பிய துறைமுகம் மதராஸ். கூடப் போன சிப்பாய்களில் சிலர் திரும்பாமல் மணிலாவுக்கு அருகே கைன்டா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள்.

கல்மதில் இருந்தும் மணிலா விழக்கூடிய ஊர் என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் பிரிட்டிஷாரிடம் முற்றுகைப் பீரங்கிகளும் போர்க்கப்பல்களும் இருந்தன. கொக்சிங்காவுக்கோ சீலாந்தியாவைப் பிடிக்க ஒன்பது மாதம் ஆனது. அதிலும் டச்சுப் படையிலிருந்து ஓடிவந்த ஒருவன் எந்த மேட்டிலிருந்து சுட வேண்டும் என்று காட்டிக்கொடுத்த பிறகுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் மணிலாவுக்கு ஐந்து மாதம் கொடுத்தேன். நீங்கள் கூட்டலாம், குறைக்கலாம். இரண்டு நாளில் பிடித்தால் மட்டும் நம்ப மாட்டேன்.

1762 இன்னொரு பாடமும் வைத்திருக்கிறது. அதற்குத் தனிப் படி வேண்டும்.

படி 6: சோறும் வெள்ளியும்

சோறு முதலில். தைவானில் இறங்கிய படை சில வாரங்களிலேயே பசியில் வாடியது. ஷியாமென்னிலிருந்து வரவேண்டிய அரிசிக் கப்பல்கள் வரவில்லை. கொக்சிங்கா வீரர்களைப் பிரித்து நிலம் உழ அனுப்பினார். கோட்டையைச் சுற்றி ஒரு பகுதி படை, வயலில் மறு பகுதி. அந்த நிலம் சும்மா கிடந்த நிலம் அல்ல. தைவான் பழங்குடிகளின் வேட்டைக்காடும் வயலும். இதற்கு மறுபடி வருவோம்.

சிங் அரசோ 1661இலிருந்து தென்கரையோர மக்களைப் பலவந்தமாக உள்நாட்டுக்கு விரட்டி, கடலோர ஊர்களைக் கொளுத்திக்கொண்டிருந்தது. கொக்சிங்காவுக்கு அரிசியும் கயிறும் மரமும் கிடைக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆக, 1663இல் மணிலா மதிலுக்கு வெளியே நிற்கிற படை என்ன சாப்பிடும்? லூசான் தீவின் பம்பாங்கா மாவட்டத்து அரிசி. அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1660இல் பம்பாங்கா மக்கள் ஸ்பானியருக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். கப்பலுக்கு மரம் வெட்டும் கட்டாய வேலை ஒரு காரணம். வாங்கிய அரிசிக்கு அரசு பணமே தராமல் கடன் சொல்லிவந்தது இன்னொரு காரணம். கொக்சிங்கா கையில் காசோடு வந்திருந்தால் அவர்கள் விற்றிருக்கலாம். கடன் சீட்டோடு வந்திருந்தால்?

இப்போது வெள்ளி. புதிதாக எழுத வருகிறவர்கள் இப்படி நினைப்பார்கள்: மணிலாவில் ஸ்பானிய வெள்ளி குவிகிறது, எனவே மணிலாவைப் பிடித்தால் வெள்ளி கைக்கு வரும். வராது. வெள்ளி மணிலாவில் விளைவதில்லை. தென் அமெரிக்காவின் பொட்டோசியிலும் மெக்சிகோவிலும் தோண்டி, பட்டு வாங்குவதற்காகக் கப்பலேற்றி அனுப்பப்படுகிறது. வாங்குகிறவனை விரட்டிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தால் கல்லா காலியாகத்தான் இருக்கும். 1762இல் இதுவேதான் நடந்தது. பிரிட்டிஷார் நகரத்தைப் பிடித்தார்கள். அகாபுல்கோவிலிருந்து வந்த வெள்ளி வேறிடத்தில் இறக்கப்பட்டு, சிமோன் தெ அன்டா என்ற ஸ்பானிய அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதை வைத்தே பம்பாங்காவிலிருந்து பிரிட்டிஷாரை எதிர்த்து நின்றார்.

ஆகவே கொக்சிங்காவுக்கு இரண்டே வழி. ஸ்பானிய வணிகர்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வரி மட்டும் வாங்கிக்கொண்டு, வாணிபம் பழையபடி நடக்கட்டும் என்று விடுவது. இல்லையேல் நாகசாகி வழியாக ஜப்பானிய வெள்ளியை முழுக்க நம்புவது. அவருடைய குணத்துக்கு முதல் வழி கசக்கும், ஆனால் அவர் குடும்பமே வணிகக் குடும்பம். அவருக்குள் இருக்கும் வணிகனும் தளபதியும் அடித்துக்கொள்வதுதான் என் பார்வையில் இந்த நாவலின் நடு அத்தியாயம். போர்க்களக் காட்சி இரண்டு பக்கம் போதும்.

படி 7: மற்றவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள்

டச்சுக்காரர்கள்: பால்தாசர் போர்ட் தலைமையில் 1663இல் வந்து, சிங் அரசோடு சேர்ந்து ஷியாமென்னைக் கொக்சிங்காவின் வாரிசுகளிடமிருந்து பறித்தார்கள். நம் கதையில் கொக்சிங்காவின் படை மணிலாவில் சிக்கியிருக்கும்போது ஷியாமென் இன்னும் எளிதாக விழும். ஒன்றைப் பிடிக்கப்போய் மற்றொன்றை இழப்பார். இதை ஒளிக்காதீர்கள்.

சிங் அரசு: 1661இல் அரியணை ஏறிய பேரரசர் காங்சிக்கு அப்போது ஏழு வயதுகூட நிரம்பவில்லை. ஆட்சி பொறுப்பாளர்கள் கையில். 1673இல் வூ சான்குய் உள்ளிட்ட தென்மாகாணத் தலைவர்களின் கலகம் வெடித்து 1681வரை ஓடியது. உண்மையில் ஜெங் ஜிங் அதில் சேர்ந்தார். கொக்சிங்கா இருந்திருந்தால் சேர்ந்திருப்பாரா? 1662இல் கடைசி மிங் பேரரசரான யோங்லியைக் கொன்றவர் இதே வூ சான்குய். அவரோடு கைகுலுக்க கொக்சிங்காவால் முடியுமா என்பது சுலபமான கேள்வி அல்ல.

ஆங்கிலேயர்: 1670இல் கிழக்கிந்தியக் கம்பெனி தைவானில் ஜெங் ஜிங்கோடு வணிக உடன்பாடு செய்துகொண்டது. அவர்கள் கண்ணுக்கு அவர் தைவானின் அரசர். இங்கிருந்து ஒரு நூலை 1840வரை இழுக்கலாம். அந்தத் தூரம் இழுத்தால் அறுந்துவிடும் என்பது என் கருத்து. ஐம்பது அறுபது ஆண்டுக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் நீங்கள் சொல்வது வரலாற்றின் விளைவாக இருக்காது, உங்கள் விருப்பமாகத்தான் இருக்கும்.

படி 8: பெயரும் தேதியும்

உங்கள் பாத்திரம் "1663" என்று எழுத மாட்டான். யோங்லி 17ஆம் ஆண்டு என்று எழுதுவான். பேரரசர் செத்த பிறகுமா? ஆமாம். ஜெங் குடும்பம் 1683இல் தைவானை இழக்கும்வரை, யோங்லி 37 வரை, செத்தவரின் ஆண்டுக்கணக்கையே விடவில்லை. அதே நாளை சிங் அதிகாரி காங்சி ஆண்டு என்று எழுதுவான். ஒரு சீட்டில் எந்த ஆண்டு இருக்கிறது என்பதைப் பார்த்தே அதை வைத்திருப்பவனின் தலை போகலாம். இந்த ஒரு விவரம் பத்துப் பக்க வசனத்துக்குச் சமம்.

"மேற்கத்தியர்" என்ற சொல்லும் வேண்டாம். போர்ச்சுகீசியரும் ஸ்பானியரும் அன்றைய சீனர்களுக்கு ஃபோலாங்ஜி, டச்சுக்காரர் செம்மயிரர். ஃபோலாங்ஜியும் நம் பரங்கியும் ஒரே வேரில் வந்தவை என்பதால், தமிழில் எழுதுகிறவர் பரங்கி என்றே போட்டுக்கொள்ளலாம். இந்த வசதி எல்லா மொழிக்கும் வாய்க்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீனப் படை வென்றால் அது விடுதலை, ஐரோப்பியப் படை வென்றால் அது ஆக்கிரமிப்பு என்று எழுதாதீர்கள். தைவான் பழங்குடிகளுக்கு இரண்டு பேரும் நிலம் கேட்டு வந்தவர்கள்தான். மணிலாப் பக்கத்துத் தகாலோக் உழவனுக்கும் அப்படியே. அவர்களில் ஒருவருக்காவது உங்கள் கதையில் பெயரும் வேலையும் கோபமும் இருக்கட்டும்.

படி 9: எழுதிப் பாருங்கள்

என் முதல் வரைவு: "மாவீரன் கொக்சிங்காவின் கொடி மணிலாக் கோட்டையில் பட்டொளி வீசிப் பறந்தது. பரங்கியரின் ஆதிக்கம் அன்றோடு மண்ணில் புதைந்தது." இதில் யாரும் இல்லை, எதுவும் இல்லை. கொடி மட்டும் இருக்கிறது.

இரண்டாவது வரைவு, மணிலாவின் சீனக் குடியிருப்பான பரியானில் கடை வைத்திருக்கும் ஒருவனின் கணக்குப் புத்தகத்திலிருந்து:

"யோங்லி 17, ஐந்தாம் மாதம். இன்றும் கடலில் பாய் தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இந்நேரம் பட்டுப் பொதிகளை அவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பூச்சி அரிக்காமல் இருக்க வெயிலில் போட்டு எடுக்கிறேன். எதிர்க்கடைக் கதவு இன்னும் பூட்டியே கிடக்கிறது. திறக்க ஆள் இல்லை. மதியம் தளபதியின் ஆள் வந்தான். அரிசி வேண்டுமாம். மூட்டை எடுத்துக்கொண்டு சீட்டு எழுதித் தந்தான். பரங்கியிடம் வாங்கிய சீட்டுகள் இருக்கும் பெட்டியிலேயே இதையும் வைத்தேன்."

போர் முடிந்துவிட்டது, வெள்ளி வரவில்லை, 1662இன் படுகொலை நடந்திருக்கிறது, புதிய அரசும் கடன் சொல்கிறது. நாலும் உள்ளே வந்துவிட்டன. "படுகொலை" என்ற சொல் மட்டும் வரவில்லை. எதிர்க்கடைப் பூட்டைப் பற்றி இன்னும் ஒரு வரி சேர்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்று விட்டேன்.

சோறு கேட்ட அதே நண்பரிடம் இதையும் கொடுத்தேன். இந்த முறையும் ஒரு கேள்விதான்: "அந்தச் சீட்டை எப்ப, யாருய்யா மாத்திக் குடுப்பா?" 1673இல் தெற்கே கலகம் வெடித்த பிறகு, வூ சான்குய் சொந்தமாக நாணயம் அடிக்கத் தொடங்கும்போது, யோங்லி ஆண்டு போட்ட சீட்டுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.